இந்த டிரில் மெசின் திரும்பிப் போகாது

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் சமையலறைச் சன்னலுக்கும் நடுவே, தகரக்கூரை போட்ட ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கேதான் நான் மாவரைக்கும் கிரைண்டர்களைப் பழுது பார்க்கிறேன். கோயமுத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் பதினெட்டு வருடம் பாகங்களைப் பூட்டும் பிரிவில் இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். பத்தாவதோடு படிப்பு நின்றவளுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில், வேறு எந்த வேலைக்குப் போய் நிற்பது என்று தெரியவில்லை. தெருவில் ஒருவர் ஓடாத கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தார். ஓட வைத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். இப்படித்தான் இது என் தொழிலாயிற்று.

பெல்ட் மாற்றுவேன். பேரிங் மாற்றுவேன். மோட்டார் போகும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு வேலைதான் வீட்டில் செய்ய முடியாமல் இருந்தது. இரும்புத் தகட்டில் நேராக ஓட்டை போடுவது.

கிரைண்டரின் டிரம்முக்குள் மாவை ஒதுக்கிவிடுவதற்கு ஒரு தகடு இருக்கும். அதைத் தாங்கும் பட்டை அடிக்கடி உடையும். புதுப் பட்டை வெட்டி இரண்டு ஓட்டை போட வேண்டும். அந்த இரண்டும் செங்குத்தாக இல்லையென்றால் தகடு சாய்ந்து டிரம்மில் உரசும், இரும்புப் பொடி மாவில் விழும். கையில் பிடித்து ஓட்டை போடும் மெசின் வழுக்கு இரும்பில் சறுக்கிச் சறுக்கி ஓடும். இரண்டு முறை முயன்று என் இடது கட்டை விரலில் தழும்புதான் மிச்சம்.

அதனால் அண்ணனின் ஒர்க்ஷாப்புக்குப் போவேன். அன்னூர் ரோட்டில் இருக்கிறது. தறிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பது அவர் தொழில். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. "வா அம்மணி, அப்படி வெச்சுட்டு நில்லு, இதை முடிச்சுட்டு வாரேன்" என்பார். நான் நிற்பேன். தினத்தாளில் சுற்றிய இரண்டு பட்டைகளோடு, எண்ணெய் டின்னுக்கும் சுவருக்கும் நடுவில். தறிக்காரர்கள் வருவார்கள், என்னைப் பார்ப்பார்கள்.

"ஆருங்க இது?"

"என்ற தங்கச்சி. ஊட்டுல கிரைண்டரை நோண்டிட்டு இருக்கறா."

அவர்கள் சிரிப்பார்கள். அதில் விஷமம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் நோண்டுவதில்லை. வேலை செய்கிறேன். அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். காசு வாங்காமல் செய்து கொடுப்பவரை எப்படி அவசரப்படுத்துவது? புதிய ஆள் முன்னால் பேசுவது என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிறவி நான். பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டினால்கூடக் குரல் கொடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன்.

ஒரு நாள் அண்ணன் போட்ட ஓட்டை குறி வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. அவர் பார்வைக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. "அண்ணா, தள்ளிருச்சுங்க" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தி வரைக்கும் அரத்தால் ராவி ராவிச் சரி செய்தேன். ராவும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று ஒரு டிரில் மெசின் வாங்குவேன். மேசைமேல் வைக்கிற சின்ன மெசின். இனி ஓட்டைக்காக எங்கும் போய் நிற்க மாட்டேன்.

இது வெளியூரில் சாதாரண விஷயமாக இருக்கலாம். எங்கள் பக்கம் அப்படி இல்லை. அண்ணன் ஒர்க்ஷாப் வைத்திருக்க, தங்கச்சி தனியாக மெசின் வாங்கினால், "ஏன், அண்ணன்கூடப் பேச்சுவார்த்தை இல்லீங்களா?" என்றுதான் சொந்தபந்தம் கேட்கும். அதிலும் இந்தப் பக்கத்து ஆண்களுக்கு மெசின் என்றால் எடைதான் மரியாதை. நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் மெசின். ஒருத்தர் தூக்கினால் அது பொம்மை.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். தறி ஓட்டுபவர், சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கலாமே" என்றார்.

"சொன்னா வாங்க முடியாதுங்க" என்றேன்.

அவர், "அதுவுஞ் சரிதான்" என்றார்.

கோயமுத்தூர் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டூல்ஸ் கடை ஒன்று உண்டு. ஒரு பாய் நடத்துகிறார். கம்பெனி நாட்களில் அந்த வழியாகப் போகும்போது கண்ணாடிக்குள் இந்த மெசின்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை போனபோது கடையில் ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்து, "வாங்கக்கா, சார் வண்டி நிறுத்தறாருங்களா?" என்று கேட்டார். அவ்வளவு பேரும் திரும்பினார்கள். பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்த எல்லாம் போய்விட்டது. "ஆறு எம்எம் பிட் ஒண்ணு குடுங்க" என்றேன். வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். மெசின் இல்லாத வீட்டுக்கு, மெசினில் மாட்டித் துளைக்கிற ஒரு பிட்.

நான்கு நாள் அந்தப் பிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சனிக்கிழமை, கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். பாய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பிட்டு ஒடஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க. அதை மாட்டறதுக்கு மெசின் வேணும்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் எளிதாக வந்தது.

நீலப் பெயின்ட் அடித்த மெசின் ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்தார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. "இருக்கறதுலயே விலை கம்மி இதுதான். பொய் சொல்ல மாட்டேன், கம்பெனிக்கு ஆகாது, வீட்டு வேலைக்கு ஆகும். யாருக்குங்க, பையனுக்கா?"

"எனக்கு."

"சரிங்க" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஒரு 'சரிங்க'வுக்காகவே அவர் கடையில் வாங்கலாம் என்று தோன்றியது.

"தண்டைக் கீழ எறக்கி ஆட்டம் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். பிட்டைக் கவ்வுகிற பாகத்துக்குச் சக் என்று பெயர். கைப்பிடியைச் சுற்றி, சக் முழுதும் கீழே வந்ததும், விரல்களால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. மயிரிழை. பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கயாச்சும் வேலை செஞ்சீங்களாக்கா?"

சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்த பெரிய மெசினைக் காட்டினார். "அப்படின்னா இதை எடுத்துக்குங்க. ஆட்டமே இருக்காது. இங்க வார்த்த வார்ப்படம்."

"அதை நான் ஒருத்தியாத் தூக்க முடியாதுங்க" என்றேன். உண்மையில் அதுதான் காரணம். தூக்க ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிற மெசினை வாங்கினால், மறுபடியும் ஒருவரைக் கேட்டு நிற்பதாகத்தானே ஆகும்?

அட்டைப்பெட்டியோடு காந்திபுரம் வரைக்கும் ஆட்டோவில் வந்து, அங்கே பஸ் ஏறினேன். பெட்டியை டிரைவருக்குப் பின்னால் வைத்தேன். கண்டக்டர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மணி உள்ள, கிரைண்டருங்களா?"

"ஓட்டை போடற மெசினுங்க."

"என்ற பஸ்ஸுல போட்டறாதீங்க, ஏற்கெனவே மேல ஒழுகுது."

பஸ் சிரித்தது. வேறு நாளாக இருந்திருந்தால் தரையைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு நேராகவே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது ஒருவர் கை கொடுக்க வந்தார். "வேண்டாங்க, நானே எடுத்துக்கறேன்" என்றேன். தூக்கினேன். முதுகு வலித்தது. இருந்தாலும் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். அடிப்பலகை, தூண், மேசை, மோட்டாரோடு கூடிய தலைப்பகுதி, சக் என எல்லாம் தனித்தனியாக இருந்தன. தரையில் விரித்த பாயில் வரிசையாக வைத்தேன். எங்கள் கம்பெனியில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு பெண்களுடையது. ஒரு ஸ்பேனரைக்கூட விடக்கூடாது. விட்டால் போர்மேன் திரும்பக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தப் பழக்கத்தில், பூட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். தலைப்பகுதிக்குக் கீழே கூம்பாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் சக் ஏறி உட்காரும். அதுதான் மெசினுக்கு முகம் மாதிரி எனக்குத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். சூடம் காட்டினேன். எலுமிச்சம்பழம் நசுக்கினேன். பிறகு படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன்.

பூட்டி முடிக்கவும் அண்ணன் வரவும் சரியாக இருந்தது. வீட்டுக்காரர்தான் போனில் சொல்லியிருக்கிறார். மனசு கேட்கவில்லையாம்.

அண்ணன் மெசினைச் சுற்றி வந்தார். ஒரு கையால் தூணைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது எழும்பியது.

"ஏம்மணி, இது மெசினா, கலியாணத்துல வெக்கற கிப்டா?"

நான் சக்கில் பிட்டை மாட்டினேன்.

"செரி, ஓட்டு பாக்கலாம்."

மாவு விற்கிற அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவருடைய கிரைண்டர் பட்டை உடைந்து என்னிடம் இருந்தது. புதன்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டையையே வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். மெசின் நன்றாகச் சுற்றியது. பிட் இரும்பைத் தொட்டது. அடுத்த நொடி சக் மொத்தமாகக் கழன்று மேசைமேல் டங்கென்று விழுந்து, தரையில் உருண்டு, துவைக்கிற கல்லுக்கு அடியில் போய் நின்றது. மேலே வெறும் கூம்பு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் சுவிட்சை அணைத்தார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டினார்.

"வுடு அம்மணி. வெல கம்மின்னா இப்படித்தான். அடுத்த ஞாயித்துக்கெழம வண்டியில கட்டிட்டுப் போயி நானே திருப்பிக் குடுத்தர்றேன். நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு இதெல்லாம்? பட்டையைக் குடு, நாளைக்குப் போட்டு வெக்கறேன்."

கையை நீட்டினார். பட்டையைக் கொடுத்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். நான் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன்.

"இருக்கட்டுங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் நீட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றும் மறுநாளும் மெசின் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மாவு விற்கிற அக்கா வேலி ஓரமாக நின்று, "நாளைக்கு ஆயிருமுங்களா? ஆகாதுன்னாச் சொல்லுங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். "ஆயிரும்" என்று சொல்லிவிட்டேன். அண்ணனின் ஒர்க்ஷாப் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டுக் கல்லுக்கு அடியில் கையை விட்டுச் சக்கை எடுத்தேன்.

அதன் ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. விரலை விட்டு எடுத்தேன். சந்தனமும் குங்குமமும் சேர்ந்த பசை, பாதி காய்ந்து, மாவு மாதிரி. மேலே கூம்பிலும் அதே.

கம்பெனியில் டிரில்லிங் பிரிவு ஆண்கள் சக் மாட்டும்போது நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன் சட்டை நுனியால் கூம்பைத் துடைப்பார்கள். உள்ளேயும் துடைப்பார்கள். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் கவ்வினால்தான் நிற்கும். நடுவில் எண்ணெய், பிசுக்கு எது இருந்தாலும் வழுக்கிவிடும். ஆயுத பூசையில் நாங்கள் பொட்டு வைத்ததெல்லாம் ஏற்கெனவே பூட்டி ஓடிக்கொண்டிருந்த மெசின்களுக்கு. கழற்றி வைத்த பாகத்துக்கு வைத்தவள் நான் ஒருத்திதான்.

மெசின்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. அது தெரிந்ததும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். என் தப்பு என்றால் நானே சரி செய்துகொள்ளலாம் அல்லவா?

மொபெட்டிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் துணியை நனைத்தேன். தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"வெச்ச பொட்டையா அழிக்கப்போற?"

அவர் முகம் மாறியிருந்தது. எனக்கும் கை நின்றது. தாலி கட்டிக்கொண்ட பெண் பொட்டை அழிக்கிற பேச்சை எங்கள் வீடுகளில் விளையாட்டுக்குக்கூடப் பேச மாட்டோம். ஆனால் சாமிக்கு இந்த மெசின் ஓடுவதில் விருப்பம் இல்லாமல் இருக்காது. ஓடாத மெசினில் பொட்டு இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"மூடிக்கு மேல புதுசா வெச்சுக்கலாமுங்க. இங்க இருந்தா இது நிக்காது" என்றேன். துடைத்தேன். பெட்ரோல் துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் மூன்று தடவை. துணி சிவந்துபோயிற்று. அவர் அதைப் பார்க்காமல் வெளியே போய் வண்டியை எடுத்தார். சத்தம் போடவில்லை.

சக்கை ஏற்றி, அடியில் மரக்கட்டை ஒன்றைக் கொடுத்து, பூரிக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினேன். கவ்வும் சத்தம் கேட்டது. கையால் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பட்டையில் குறி குத்தினேன். மேல்மூடியைத் திறந்து, பெல்ட்டை மெதுவாகச் சுற்றுகிற சக்கரப் படிக்கு மாற்றினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். சுவிட்ச். பிட் தொட்டது. மெல்லிய சுருள் ஒன்று எழுந்து வந்தது, இடியாப்பம் பிழிகிற மாதிரி. கைப்பிடி கடைசியில் லேசாக வழுக்கி இறங்கியது. துளை விழுந்துவிட்டது. இரண்டாவதையும் போட்டேன். போல்ட்டை விட்டுப் பார்த்தேன். ஆடாமல், சாயாமல், நேராக நின்றது.

புதன்கிழமை சொன்னபடி மாவு அரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கயிற்றோடு வந்தார். சொன்னால் சொன்னபடி செய்கிறவர் அவரும். கயிற்றை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டே, "பில்லு எடுத்து வெச்சயா?" என்றார்.

"திருப்பிக் குடுக்க வேண்டாங்கண்ணா."

"சக்கு உளுந்துச்சே."

"மெசின்ல ஒண்ணுமில்லீங்க. கூம்புல நான் பொட்டு வெச்சுட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கூம்புல பொட்டு. ஏம்மணி, மாலையும் போட்டிருக்கலாமல்ல?" நான் நின்றுகொண்டிருந்தேன். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன். சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். விரல் கனம். வேண்டுமென்றே கொண்டு வந்திருக்கிறார். "இதுல ஒரு ஓட்டை போடு, பாக்கலாம்."

இதற்காக வாங்கிய மெசின் இல்லை இது. அவருக்கும் தெரியும். "மெதுவாத்தாங்க போகும்" என்றேன். மெசினோடு வந்த சின்ன பிட்டில் தொடங்கினேன். பிறகு அதைவிடப் பெரியது. பிறகு ஆறு எம்எம். இடையில் இரண்டு முறை மோட்டாரை ஆற வைத்தேன். அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. "அமுத்து", "வேண்டாம், வுடு", "எண்ணெ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என் கணக்குக்கே போனேன். வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப் போகிற நேரத்தில் ஓட்டை விழுந்தது.

அண்ணன் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போல்ட்டை விட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசாயிருச்சு."

"ஆமாங்க. மயிரளவு ஆட்டம் இருக்குது. தெரிஞ்சுதான் வாங்குனேன்."

"என்றகிட்டன்னா இது ரெண்டு நிமிசம்."

"தெரியுமுங்க."

ஆறிய டீயைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்றகிட்ட வர்றதுக்குப் புடிக்கலையா அம்மணி?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன்.

"வருவேனுங்கண்ணா. பொங்கலுக்கு வருவேன், அண்ணியப் பாக்க வருவேன். ஓட்டைக்காக வர மாட்டேன்."

"அப்படீன்னா செரி" என்று மட்டும் சொன்னார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கயிற்றை வண்டிப் பெட்டியில் போட்டார். இரும்புத் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. சொந்தத்தில் ஒரு விசேஷத்தில் பார்த்தபோது, நாலு பேர் நடுவில் என்னைக் காட்டி, "பொம்மை மெசின் வாங்கி வெச்சிருக்கறா" என்றார். அந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது, உள்ளங்கை வியர்த்தது. அந்தப் பிறவிக் குணம் மெசின் வாங்கியதால் எங்கும் போய்விடவில்லை.

"தெனமும் வேலை செய்யுதுங்க" என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் நாலு பேருக்கும் கேட்டது. அதில் ஒருவர், வீட்டுக் கிரைண்டரில் தகடு உரசுகிறது, கொண்டு வரலாமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொன்னேன்.